பாட்டுல இருக்கற செடிய பிடுங்கிட்டு போர்டு மட்டும் வச்சா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பருக்கு நான் லெட்டர் எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா திருத்திக்கங்க, நீளமா இருந்தா வெட்டிக்கங்க, ஆனா நெருஞ்சி பத்தி வர்ற இடத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டரே.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் எங்க அக்காவும் ஒரு சங்க இலக்கியப் பூங்காவுக்குப் போனோம். எந்த ஊர்னு எழுதல, ஏன்னா யாரையும் மாட்டிவிடறது என் நோக்கம் இல்ல, அங்க வேலை பாக்கறவங்க பாவம் நாலு பேர்தான். அக்கா முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல தமிழ் எடுத்து ரிட்டயர் ஆனவங்க. நான் அந்த சப்ஜெக்ட்ல எப்படியோ பாஸ் ஆனவன், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செடி, வீட்டு மாடியில தொட்டி வச்சு பதினஞ்சு வருஷமா மண்ணக் கிளறிக்கிட்டு இருக்கேன். அதனால எங்க ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள்னு வச்சுக்கங்க, அவங்களுக்கு பாட்டு தெரியும் எனக்கு செடி தெரியும்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். நிழல் இருக்கு, நடக்க நல்ல பாதை இருக்கு, டாய்லெட் சுத்தமா இருக்கு. குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலைனு அஞ்சு பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வளைவு வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஒரு பூங்கா வேணும்னு யோசிச்ச ஆளு யாரா இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. வாசல்ல ஒரு பெரிய யாழ் செஞ்சு வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்க க்யூவே நிக்குது, நாங்களும் எடுத்தோம்.

உள்ள போனதும் முதல்ல குறிஞ்சி. செயற்கையா ஒரு குன்று, அதுல தண்ணி வராத ஒரு அருவி, அதுக்குக் கீழ ஒரு பாத்தி பூரா ஊதா கலர்ல பூ. போர்டுல பெருசா "குறிஞ்சி மலர், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்"னு எழுதியிருக்கு. அக்கா அப்படியே நின்னுட்டாங்க, அவங்க முப்பது வருஷம் "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும்" அப்படின்னு குறுந்தொகை 3ஆம் பாட்ட பசங்களுக்கு சொல்லிக்கொடுத்தவங்க, ஆனா அந்தப் பூவ நேர்ல பாத்ததே இல்ல. கண்ணாடிய தொடைச்சுப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாக்கறாங்க. எனக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. அது குறிஞ்சி இல்ல. அது ருவெல்லியான்னு எல்லா நர்சரியிலயும் கிடைக்கற செடி, மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வந்தது, தண்ணி காட்டினா தினமும் பூக்கும். "அக்கா இத பாருங்க"ன்னு ஒரு காஞ்ச காய பறிச்சு நாக்குல ஈரம் பண்ணி உள்ளங்கையில வச்சேன், நாலஞ்சு செகண்ட்ல பட்டுனு வெடிச்சு விதை தெறிச்சுது. சின்ன வயசுல எல்லாரும் விளையாடின வெடிக்காய் செடிக்கு இது சொந்தக்காரன். அக்கா என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் "போடா, ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன்"னாங்க.

நிஜ நீலக்குறிஞ்சி கடல் மட்டத்துலேர்ந்து 1300 மீட்டருக்கு மேல மலைச்சரிவுல வர்றது, 12 வருஷம் வளர்ந்து மொத்தமா பூத்து விதை விட்டு செத்துப்போகும். 2006ல பூத்துது, 2018ல பூத்துது, அடுத்தது 2030. சமவெளியில மோட்டார் தண்ணியில அது வராது, வரலேன்னா வரலேன்னு எழுதி ஒரு நல்ல போட்டோ வச்சா போதும், அதுக்குப் பதிலா பக்கத்து நர்சரியில ஊதா கலர்ல எது இருந்துச்சோ அத கொண்டாந்து நட்டு குறிஞ்சின்னு பேர் வச்சா, அங்க வர்ற ஸ்கூல் பசங்க நாளைக்கு எந்த வீட்டு வாசல்ல ருவெல்லியாவ பாத்தாலும் குறிஞ்சி பூத்திருக்குன்னு சொல்லும்.

வாகையிலயும் இதே கதைதான். "வாகை, வெற்றியின் அடையாளம்"னு போர்டு, அதுக்கு மேல நிக்கறது தூங்குமூஞ்சி மரம். அதுவும் அமெரிக்கா பக்கத்து மரம்தான், நல்ல நிழல் தரும், அதுமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா வாகைன்னா அதோட நெத்துதான் விஷயம். காஞ்ச நெத்து வெள்ளையா தட்டையா கொத்துக்கொத்தா தொங்கும், வெயில் காலத்துல காத்தடிச்சா கலகலன்னு சத்தம் போடும். குறுந்தொகை 7ல பெரும்பதுமனார் அந்த சத்தத்ததான் கேட்டிருக்காரு, கழைக்கூத்தாடி கயித்து மேல ஆடறப்ப கீழ அடிக்கற பறை மாதிரி இருக்காம் வாகை நெத்து ஒலி. தூங்குமூஞ்சி காய் பிசுபிசுன்னு ஒட்டும், கீழ விழுந்தா சத்தம் கூட சரியா வராது. மரம் மாறிப்போனா பாட்டு ஊமையா போயிடுது பாருங்க.

முல்லைப் பகுதியில முல்லையே இல்ல. கொடி ஏத்தற கம்பி வளைவும் பாரி தேரோட சிமெண்ட் பொம்மையும் இருக்கு, கொடி கருகிப்போச்சு. கேட்டா மோட்டார் ரிப்பேர் ஆகி ரெண்டு வாரம் ஆச்சாம். அக்கா சிரிச்சுட்டாங்க. "முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து" பாலைங்கற வடிவம் எடுக்கும்னு இளங்கோ சிலப்பதிகாரத்துல சொல்லியிருக்காரு இல்ல, அப்ப பாலைக்குன்னு தனியா ஒரு மூலையே வேண்டாம், மோட்டார நிறுத்தினா போதும்னாங்க. அந்த தனி பாலை மூலையில என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா, மணல கொட்டி வட்ட வட்டமா முள்ளு வச்ச வெளிநாட்டு கேக்டஸ். நம்ம பாலைப் பாட்டுல வர்ற கள்ளி வேற, இருப்பை அதாவது நம்ம இலுப்பை, ஓமை எல்லாம் வேற. ஒண்ணும் அங்க இல்ல.

நெய்தல் பக்கம் போனதும் மனசு கொஞ்சம் ஆறுச்சு. அங்க ஒரே ஒரு புன்னை, நிஜமான புன்னை, நல்லா தழைச்சு பளபளன்னு இலையோட நிக்குது. அடியில வட்டமா சிமெண்ட் திண்ணை. நற்றிணை 172ல ஒரு பொண்ணு சொல்லுவா, சின்ன வயசுல நாங்க விளையாடறப்ப மணல்ல அழுத்தி மறந்துட்டுப் போன கொட்டை முளைச்சுது, அத நெய்யும் பாலும் ஊத்தி வளத்தோம், அம்மா இது உனக்கு தங்கச்சி, உன்னவிட உசந்தவன்னு சொன்னா, அதனால இந்தப் புன்னைக்கு அடியில நின்னு உன்னோட சிரிச்சுப் பேச எனக்கு வெக்கமா இருக்குன்னு. அக்கா இத சொல்லி முடிக்கறப்ப திண்ணையில உக்காந்திருந்த ஒரு ஜோடி எங்கள ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி போனுக்குள்ள தலைய விட்டுட்டாங்க, அவங்களுக்கு ஒரு வெக்கமும் இருந்த மாதிரி தெரியல. தப்பு அவங்க மேல இல்ல, அந்தப் பாட்டு அங்க எங்கயும் எழுதலயே. போர்டுல இருந்தது புன்னையோட தாவரவியல் பேரும் ஒரு க்யூஆர் கோடும்தான். ஸ்கேன் பண்ணினேன், அந்தப் பக்கமே இல்லன்னு வந்துச்சு.

இப்ப நெருஞ்சிக்கு வர்றேன்.

மருதத்துலேர்ந்து வெளிய வர்ற பாதை ஓரமா, கல் பதிச்ச இடத்துக்கும் கொரியன் புல்லுக்கும் நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண்ணு. அதுல தரையோட ஒட்டிப் படர்ந்து நெருஞ்சி. சின்னச் சின்ன இலை ரெண்டு பக்கமும் வரிசையா, அஞ்சு இதழ்ல மஞ்சப் பூ, ஒரு சட்டை பட்டன் சைஸ்தான் இருக்கும், பத்து பதினஞ்சு பூத்திருந்துச்சு, அத்தனையும் மேக்க சாயற சூரியன் பக்கமா திரும்பி இருந்துச்சு. பூவுக்குப் பக்கத்துலயே பச்சைக் காய், காய்ல அப்பவே முள்ளு எட்டிப் பாக்குது. அக்கா அங்க உக்காந்துட்டாங்க, முட்டி வலிக்காரங்க, சாதாரணமா தரையில உக்கார மாட்டாங்க. "நோம் என் நெஞ்சே நோம் என் நெஞ்சே"ன்னு மெதுவா ஆரம்பிச்சாங்க. அள்ளூர் நன்முல்லை எழுதினது, குறுந்தொகை 202. நெருஞ்சிப் பூ பாக்க அழகா இருந்து பின்னாடி முள்ளு குடுக்கற மாதிரி, முன்னாடி இனிக்க நடந்துக்கிட்ட ஆளு இப்ப இப்படி பண்றானே, வலிக்குது என் நெஞ்சுன்னு ஒரு பொண்ணு சொல்றா. பாட்ட நான் முன்னாடியும் கேட்டிருக்கேன், ஸ்கூல்ல கூட வந்திருக்கும், ஆனா பூவும் முள்ளும் ஒரே காம்புல ஒரு விரல் கடை தூரத்துல இருக்குங்கறது அன்னிக்குத்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பூ உதிர்ந்த இடத்துலயேதான் முள்ளு வருது, வேற எங்கேர்ந்தோ வரல. அந்தம்மா சும்மா உவமை சொல்லல, குனிஞ்சு பாத்திருக்காங்க.

அந்த நேரம் பாத்து கையில களைக்கொத்தோட ஒரு அம்மா வந்தாங்க, பூங்காவுல வேலை பாக்கறவங்க. "கொஞ்சம் எந்திரிங்கம்மா, இத எடுக்கணும்"னாங்க. என்னத்தன்னு கேட்டா, "இந்த நெருஞ்சியத்தான், கால்ல குத்துதுன்னு கம்ப்ளைண்ட் வருது, வாரா வாரம் பிடுங்கறேன், திரும்பத் திரும்ப வருது சனியன்." அக்கா எந்திரிக்காமலே, ஏம்மா இது இந்த பூங்காவுக்கே சொந்தக்காரம்மா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பாட்டுல இருக்கும்மா, அப்படின்னாங்க. அந்தம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு "எங்க சூப்பர்வைசர் கிட்ட சொல்லுங்க டீச்சர், போர்டு இருக்கற செடிய மட்டும்தான் விடச் சொல்லியிருக்காரு"ன்னாங்க. அக்கா டீச்சர்னு அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுதோ.

அப்புறம்தான் நாங்க சுத்திப் பாக்க ஆரம்பிச்சோம். காம்பவுண்ட் சுவத்துக்கு வெளிய பூரா எருக்கு. புறநானூறு 106ல கபிலர் சொல்றாரே, நல்ல பூவுலயும் சேராம கெட்ட பூவுலயும் சேராம இருக்கற வெறும் எருக்கம்பூவே ஆனாலும் குடுத்தா கடவுள் வேண்டாம்னு சொல்றதில்லன்னு, அந்த எருக்கு. கடவுள் வேண்டாம்னு சொல்லாதத பூங்கா வேண்டாம்னு சொல்லி கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருக்கு. பின்பக்க வேலியில முடக்கத்தான் ஏறிக் கிடக்கு, அதத்தான் உழிஞைன்னு சொல்றாங்க, கோட்டைய முற்றுகை போடற திணைக்கே அந்தப் பேருதான். ஜெனரேட்டர் ரூம் பின்னாடி தும்பை. குப்பை போடற இடத்துக்குப் பக்கத்துல நொச்சி, அதுவும் நல்லா ஆளுயரத்துக்கு. ஒரு இலைய பறிச்சு விரிச்சுப் பாத்தேன், "மயிலடி இலைய"ன்னு குறுந்தொகை 138ல கொல்லன் அழிசி சொன்னது அப்படியே மயில் காலடிதான், சந்தேகமே இல்ல. ஊரே தூங்கின பிறகும் தூக்கம் வராம அந்த நொச்சிப் பூ உதிர்ற சத்தத்த கேட்டுக்கிட்டு இருந்தேன்னு ஒருத்தி சொல்ற பாட்டு அது. அந்த மரத்துல ப்ளாஸ்டிக் கவர் மாட்டியிருந்துச்சு.

ஆக ஆசிரியர் சார், சங்க இலக்கியப் பூங்காவுல சங்க இலக்கியச் செடி நிறைய இருக்கு, ஆனா அதெல்லாம் களைன்னு பேர் வாங்கி சுவத்தோரமாவும் சுவத்துக்கு வெளியவும் நிக்குது, உள்ள இருக்கறது நர்சரிக்காரர் லோடு லோடா இறக்கின சமாச்சாரம். சங்கப் புலவர்கள் ராஜா தோட்டத்த மட்டும் பாத்து எழுதல, வரப்புல புன்செய்ல வேலியில கடல் மணல்ல என்ன முளைச்சுதோ அதத்தான் எழுதினாங்க. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்கற 99 பூவையும் எடுத்துக்கங்க, தினைப்புனத்துக்கு காவல் இருந்த பொண்ணுங்க குளிச்சுட்டு வந்து காட்டுல பறிச்சு பாறை மேல குவிச்ச பூதான் அத்தனையும், யாரும் பாத்தி கட்டி வளக்கல.

அந்த 99லயே சில பூப் பேரு ஒரு காலத்துல தொலைஞ்சு போயிருந்துச்சுன்னு அக்கா சொல்லித்தான் தெரியும். உ.வே.சா. கையில கிடைச்ச ஏடுகள்ல அந்த இடம் விட்டுப்போயிருந்துச்சாம், அவர் தேடி தருமபுரம் மடத்துல கிடைச்ச பழைய ஏட்டுல அந்தப் பேருங்கள கண்டுபிடிச்சு, 1889ல பத்துப்பாட்டு அச்சுல வந்துச்சு. அதப் பத்தி அவரே "உதிர்ந்த மலர்கள்"னு ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. பூவோட பேர தேடறதுக்கே ஒரு மனுஷன் அவ்வளவு பாடுபட்டிருக்காரு, இங்க பூவே காலடியில இருக்கு, களைக்கொத்து வச்சு எடுக்கறோம்.

வீட்டுக்கு வந்தப்புறம் வெளிநாட்டுல எப்படின்னு தேடிப் படிச்சேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஷேக்ஸ்பியர் பேர்ல ஒரு தோட்டம் இருக்கு, அவர் இறந்து 300 வருஷம் ஆன 1916ல அந்தப் பேர் வச்சாங்க, செடிக்குப் பக்கத்துல நாடகத்துல அது வர்ற வரிய வெண்கலத் தகடுல பதிச்சிருக்காங்க. அதவிட எனக்குப் புடிச்சது ஜப்பான்ல நாரா ஊர்ல கசுகா கோயில ஒட்டி இருக்கற தோட்டம், 1932ல திறந்தது. மன்யோஷூன்னு 8ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு, சுமார் 4,500 பாட்டு, நம்ம எட்டுத்தொகை மாதிரின்னு வச்சுக்கலாம். அதுல வர்ற செடியெல்லாம் தேடி சுமார் 300 வகை வளக்கறாங்க. அந்தப் பாட்டுங்கள்ல அதிகமா வர்ற செடி எது தெரியுமா, ஹாகின்னு ஒரு காட்டுப் புதர். ரோஜா மாதிரி பகட்டெல்லாம் கிடையாது, சாதாரண புதர். அத அவங்க பிடுங்கல.

நம்ம பூங்காவுல ஒரே ஒரு போர்டு என் மனசுக்குப் புடிச்சுது, அதையும் சொல்லிடறேன். "அனிச்சம்"னு எழுதி கீழ "மோப்பக் குழையும்" குறள் போட்டிருக்கு, பாத்தி காலி. அனிச்சம் எந்தச் செடின்னு அறிஞர்களுக்குள்ளயே ஒரு முடிவு இல்ல, அதனால அந்தக் காலி மண்ணுதான் அந்தப் பூங்காவுலயே நேர்மையான இடம். வேணும்னு விட்டாங்களா, நட்டது செத்துப்போச்சான்னு கேக்க தைரியம் வரல.

இன்னொண்ணு கொஞ்சம் சீரியஸான விஷயம். செங்காந்தள் பாத்தி பசங்க சறுக்கு விளையாடற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. நம்ம மாநிலப் பூதான், அழகுதான், பூக்கறப்ப மஞ்சளா ஆரம்பிச்சு சிவப்பா மாறும், அதத்தான் பொண்ணுங்க விரலுக்கு உவமை சொன்னாங்க. ஆனா செடி பூரா விஷம், கிழங்கு ரொம்பவே. கொல்கிசின்னு ஒரு பொருள் அதுல இருக்கு, அளவோட எடுத்து மருந்து செய்யறாங்க, தெரியாம தின்னா உயிருக்கே ஆபத்து. மழைக்காலம் முடிஞ்சா மேல இருக்கற கொடி காஞ்சு போயிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள இருக்கும், அப்ப மண்ணக் கிளறி விளையாடற குழந்தைக்கு அது ஏதோ வள்ளிக்கிழங்கு மாதிரிதான் தெரியும். போர்டுல இதப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. பாட்ட அப்புறம் எழுதிக்கலாம், முதல்ல இத எழுதச் சொல்லுங்க, முடிஞ்சா பாத்தியவே வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுங்க.

மத்தபடி நாங்க கேக்கறது பெரிய செலவு ஒண்ணும் இல்ல. போர்டுல தாவரவியல் பேருக்கு மேல பாட்டு ரெண்டு வரி, எந்த மாசம் பூக்கும்னு ஒரு வரி. ருவெல்லியாவுக்கு ருவெல்லியான்னே பேரு எழுதிடுங்க. தூங்குமூஞ்சி அங்கயே நிக்கட்டும், வேற பக்கம் ஒரு வாகைக் கன்னு நடுங்க, சீக்கிரமே வளந்துடும். அப்புறம் எங்கயாவது ஒரு பத்துக்குப் பத்து அடி இடம், அத யாரும் கொத்தக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது, எது முளைக்குதோ முளைக்கட்டும். சுத்தி ஒரு கம்பி கட்டிட்டா யார் கால்லயும் குத்தாது, கம்ப்ளைண்ட்டும் வராது. நெருஞ்சி தானா வந்துடும், தும்பை வந்துடும், எருக்கு வரலன்னா சுவத்துக்கு வெளியலேர்ந்து விதை பறந்து வந்துடும்.

அந்த பத்துக்குப் பத்துக்கு போர்டு எழுதித் தர அக்கா ரெடி, கையெழுத்து இன்னும் அச்சு மாதிரி இருக்கும், காசு வேண்டாம், பெயிண்டும் நாங்களே வாங்கிக்கறோம். ஞாயித்துக்கிழமை காலையில வந்து எது என்ன செடின்னு அந்த வேலை பாக்கற அம்மாவுக்கும் சொல்லிட்டுப் போறோம், சொல்லப்போனா பாதி செடி பேரு எங்களவிட அவங்களுக்குத்தான் தெரியும். சம்பந்தப்பட்ட அதிகாரிங்க யாராவது இத படிச்சா உங்க ஆபீஸ் மூலமா ஒரு தகவல் சொல்லுங்க சார், நெருஞ்சி மழை விட்டதும் திரும்ப முளைச்சிருக்கும், அதுக்குள்ள சொன்னா நல்லது.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் காலையில அக்காவோட சண்டை போட்டு முதல்ல படிக்கற ஒரு வாசகர்